பழகிடும் என்று சொன்னேன்

ஜூன் 4, புதன்

துப்பாக்கி சுடும் கிளப்பில் புது உறுப்பினர் ஒருவர் சேர்ந்தார். படிவத்தை நான்தான் வாங்கிச் சரிபார்த்தேன். பெயர் டாக்டர் கோமதிநாயகம். வயது 51. தொழில், அறுவை சிகிச்சை நிபுணர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தேன். அதே ஆள்தான்.

அவருக்கு என்னைத் தெரியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அவர் அறை வாசலில் ஒன்பது நாள் நின்றவள் கசங்கிய சேலையில் இருந்தாள். இப்போது காக்கி பேன்ட், தொப்பி, கழுத்தில் காதுமூடி. "வடிவம்மா நல்லாச் சொல்லிக் குடுப்பாங்க சார். ஆயுதப்படையில ஏட்டம்மாவா இருந்தவங்க. இருவத்திரண்டு வருஷம் சுடுறதுக்குப் பயிற்சி குடுத்திருக்காங்க" என்று செயலாளர் சேர்மத்துரை அறிமுகம் செய்துவைத்தார். டாக்டர் கை குவித்தார். நானும் குவித்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அரிசி மாவு வாங்க மறந்துவிட்டேன். இரவு பழையதுதான் சாப்பிட்டேன்.

ஜூன் 7, சனி

டாக்டர் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். துப்பாக்கி அவருடைய மாமனார் வழியாக வந்த வெளிநாட்டு ரிவால்வர். குட்டைக் குழல், ஐந்து தோட்டா, உள்ளங்கையில் அடங்கிவிடும். பிடி வழவழப்பான மரம், சுண்டுவிரல் பிடிக்க இடம் இல்லை.

போன மாதம் ஒரு நோயாளியின் சொந்தக்காரர்கள் இவர் கார் கண்ணாடியை உடைத்துவிட்டார்களாம். அதனால்தான் பயிற்சி. யார், என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

"சின்னதுதானேம்மா. வெளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு" என்றார்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாருமே இதைச் சொல்வார்கள். பெரிய துப்பாக்கி பின்னால் உதைத்தால் பாதியை அதன் எடையே வாங்கிக்கொள்ளும். சின்னதற்கு உடம்பு கிடையாது. நம் கைதான் அதற்கு உடம்பு. அதனால் முதல் நாளே நான் சொல்லிவிடுவது வழக்கம். பிடியின் உச்சியில் கையை ஏற்றிப் பிடி. இறுக்கிப் பிடி, மணிக்கட்டைத் தளர விடாதே. கட்டைவிரலை முன்னால் நீட்டாதே, மடக்கி வை. ரப்பர் பிடி மாட்டு, பஞ்சு வைத்த கையுறை போடு. முதல் மாதம் மென்மையான தோட்டா, அதுவும் பத்துக்கு மேல் வேண்டாம். விரல் மரத்தால் அன்றைக்கே நிறுத்து. இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் கற்றவர்களில் ஒருவர் கையும் கெட்டதில்லை.

இன்று அவருக்குக் குறி பார்ப்பது எப்படி என்று சொன்னேன். குழல் யார் பக்கமும் திரும்பக் கூடாது என்று சொன்னேன். விசையை எப்படி அழுத்துவது என்று சொன்னேன். கையைப் பற்றி அவர் கேட்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

இருபது தோட்டா சுட்டார், எல்லாம் மேக்னம், உதை அதிகமான ரகம். அதே ரிவால்வரில் பாதி உதைகூட இல்லாத தோட்டாவும் போடலாம், கிளப் அலமாரியில் இருக்கிறது.

ஒவ்வொரு வெடிக்கும் ரிவால்வர் துள்ளி அவர் கட்டைவிரல் அடியில் வந்து இடித்தது. முடிந்ததும் கையை உதறினார். "என்னம்மா, சுத்தியல் வச்சு அடிச்ச மாதிரி இருக்கு?"

"மொதல்ல அப்படித்தான் இருக்கும் சார். பழகிடும்" என்றேன்.

சொன்ன பிறகு போய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன்.

ஜூன் 11, புதன்

கையுறைகள் அழுக்காக இருந்தன. நான்கு ஜோடியையும் வீட்டுக்குக் கொண்டுவந்து ஊறப்போட்டேன். வெயில் சரியில்லை, காய நாளாகும்.

டாக்டர் கையுறை கேட்டார். துவைக்கப் போட்டிருக்கிறேன் என்றேன். அது உண்மைதானே.

ஜூன் 15, ஞாயிறு

வீட்டுக்காரருக்குத் திதி. ஆற்றில் முழுகிவிட்டு வந்தேன்.

எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் எனக்கே மறந்துபோகும். என் வீட்டுக்காரர் பெயர் ஆவுடையப்பன். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். கம்பத்தில் ஏறி முப்பது வருஷம் வேலை பார்த்தவருக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. பித்தப்பையில் கல் என்று போனோம். "சின்ன ஆபரேஷன், மூணாம் நாள் வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் கோமதிநாயகம். மூன்றாம் நாள் வயிறு உப்பியது. "வடிவு, சோறு எறங்க மாட்டேங்கு" என்றார் இவர். நான் ஓடிப்போய் டாக்டரைக் கேட்டேன். "அப்படித்தாம்மா இருக்கும். பழகிடும்" என்றார். ஐந்தாம் நாள் கண் மஞ்சள். அப்போதும் அதே பதில். ஒன்பதாம் நாள் மதுரைக்குக் கொண்டு போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மதுரையில் வயிற்றைத் திறந்து பார்த்த டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, பித்தக் குழாய் வெட்டுப்பட்டிருக்கிறது, இரண்டு மூன்று நாளுக்குள் வந்திருந்தால் தைத்திருக்கலாம் என்றார். இவர் பிழைக்காமல் போன பிறகு அதை எழுத்தில் கேட்டேன், அந்த டாக்டர் தரவில்லை.

புகார் கொடுத்தேன். கோப்பில் 'நோயாளி தாமதமாக வந்தார்' என்று இருந்தது. கீழே கோமதிநாயகத்தின் கையெழுத்து. அழகான கையெழுத்து. கோப்பை மூடிவிட்டார்கள். நான் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். துப்பாக்கிக் கிடங்குச் சாவி என்னிடம் இருந்த நாட்கள் அவை. சாவி என்னிடம் இருக்கக் கூடாது என்று எனக்கே தோன்றிவிட்டது.

ஜூன் 18, புதன்

இருபத்தைந்து தோட்டா. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் இடத்தில் தோல் கிழிந்து ரத்தம். மருந்து போட்டுப் பிளாஸ்திரி ஒட்டினேன். அவர் கையை என் மடியில் வைத்துத்தான் ஒட்டினேன். வெள்ளையாக, நகம் ஒட்ட வெட்டி, சுத்தமான கை. ஒரு மச்சம் இருக்கிறது.

"ரப்பர் பிடின்னு ஒண்ணு இருக்காமே, பக்கத்துல சுடுறவர் சொன்னாரு" என்றார்.

"இருப்பு இல்ல சார். சென்னைக்கு எழுதியிருக்கு."

இரண்டு ரப்பர் பிடிகள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. சாவி என் இடுப்பில் இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

முப்பது. முருங்கைக்காய் சாம்பார்.

ஜூன் 28, சனி

டாக்டர் தாமதமாக வந்தார். ரிவால்வரை வெளியே எடுக்காமல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"வடிவம்மா, ஒரு ரெண்டு வாரம் விட்டுட்டு வரலாம்னு பாக்கேன். கட்டைவிரல் ஓரத்துல மதமதன்னு இருக்கு. ராத்திரி ஊசி குத்துன மாதிரி. நரம்பு நசுங்கியிருக்கும்னு நெனக்கேன். ஓய்வு குடுத்தாச் சரியாயிரும்."

அவரே சொல்லிவிட்டார். நான் ஒன்றும் பேசாமல் இருந்திருந்தால் போதும், எழுந்து போயிருப்பார். இதுவரை நான் செய்தது எல்லாம் மறைத்ததுதான். இன்று பேசினேன்.

"இப்ப நிறுத்துனா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும் சார். கை இப்பதான் வாகா வந்திருக்கு. உங்க காரை உடைச்சவன் ஓய்வு நாள் பாத்தா வருவான்?"

அவர் முகத்தில் பயம் வந்து போனதைப் பார்த்தேன். எழுந்து வந்து சுட்டார். முப்பது.

இலக்கு அட்டையைக் கழற்றும்போது எனக்குள் ஒரு குளிர்ச்சி. இரண்டு வருஷத்தில் முதல்முறையாக இன்று மத்தியானம் தூங்கினேன்.

ஜூலை 2, புதன்

காற்று கடுமை. அட்டைகள் நிற்கவில்லை. நாற்பது தோட்டா. சட்டைப் பொத்தான் போட இடதுகையைப் பயன்படுத்தினார். கவனித்துக் குறித்துக்கொண்டேன்.

ஜூலை 5, சனி

டாக்டர் பேனாவைத் தவறவிட்டார். வருகைப் பதிவில் கையெழுத்துக் கோணலாக விழுந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை மூன்று முறை எடுத்துப் பார்த்தேன்.

ஜூலை 9, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சுட்டு முடித்துவிட்டு டாக்டர் கைப்பம்படியில் முகம் கழுவினார். நான் துண்டு கொடுத்தேன். சுற்றிலும் யாரும் இல்லை. "உங்ககிட்டதான் சொல்ல முடியும்" என்று ஆரம்பித்தார். "கட்டைவிரல்ல இப்ப ஒண்ணுமே தெரிய மாட்டேங்கும்மா. திங்கக்கிழமை ஒரு பித்தப்பை கேஸ். டீச்சரம்மா ஒருத்தி. கொழாயக் கவ்வுற கிளிப் போடுதேன், எவ்வளவு அழுத்துதேன்னு எனக்கே தெரியல. கொஞ்சம் நழுவிட்டு."

"ஆஸ்பத்திரியில சொல்லலியா சார்?"

"சொன்னா மறுநாள் என்னை ஆபரேஷன் தியேட்டருக்குள்ள விடமாட்டான். இவ்வளவு வருஷம் சேத்த பேரு. அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது, நல்லாத்தான் இருக்கு. நாளைக்கும் ரெண்டு கேஸ் இருக்கு."

அவர் போன பிறகு நான் காலித் தோட்டாக்களைப் பொறுக்கினேன். எண்ணிக்கை சரியாக வரவில்லை. மறுபடி எண்ணினேன். இந்த ஐந்து வாரமாக அவர் கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை சனி, ஞாயிறு, புதனில் என்னிடம் இருக்கிறது. மற்ற நாளில் அது எங்கே இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. யோசிக்கவே இல்லை என்று எழுதினால் அது பொய்.

ஜூலை 10, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் படிக்கட்டில் இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஏறினேன். மேல்மாடியில் அதே பச்சைச் சுவர், புது பெஞ்ச். பெஞ்சில் ஒரு ஆள் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர் மிக்கேல். தபால் ஆபீசில் வேலை. உள்ளே இருப்பது அவர் மனைவி ஸ்டெல்லா டீச்சர். என்னை யாரோ நோயாளியின் உறவுக்காரி என்று நினைத்துக்கொண்டார்.

"எப்படி இருக்காங்க?" என்றேன்.

"காலையில இருந்து கஞ்சிகூட எறங்கல. வயிறு கல்லு மாதிரி இருக்கு. டாக்டர் வந்து பாத்தாரு. அப்படித்தான் இருக்குமாம், பழகிடுமாம்" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் முயற்சி செய்தார்.

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு உள்ளே போய் டீச்சரின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். மஞ்சள் தட்ட ஆரம்பித்திருந்தது. வெளியே வந்து மிக்கேலின் தோளைப் பிடித்தேன். "தம்பி, நான் சொல்லுததக் கேளுங்க. இப்பவே மதுரைக்குக் கொண்டு போங்க. நீங்க கேக்காம நான் விடமாட்டேன். எங்க வீட்டுக்காரவுக இதே மாடியில, இதே வார்த்தையக் கேட்டுக்கிட்டே ஒம்போது நாளு கெடந்து செத்தாவ."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிளாஸ்க் உருண்டு விழுந்தது. அனுப்ப மாட்டோம் என்று கீழே தகராறு செய்தார்கள். இருபத்திரண்டு வருஷம் கான்ஸ்டபிள்களை அதட்டிய தொண்டை எனக்கு இன்று உதவியது. மூன்றரை மணிக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது.

ஜூலை 11, வெள்ளி

காலையில் மிக்கேல் போன் செய்தார். மதுரையில் திறந்து தைத்திருக்கிறார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கஷ்டம் என்றார்களாம். பிழைத்துக்கொள்வாள். அவர் அழுதார். நான் போனை வைத்துவிட்டு நேராக டாக்டரின் ஆலோசனை அறைக்குப் போனேன்.

அவர் என்னைக் கண்டதும் எழுந்தார். "நீங்கதான் அந்தம்மாவ அனுப்பிவச்சீங்களாமே? ஏன் வடிவம்மா? உங்கள நம்பித்தானே சொன்னேன்?"

"நான் ஆவுடையப்பன் பெண்டாட்டி" என்றேன்.

"எந்த ஆவுடையப்பன்?"

அது நடிப்பு இல்லை. உண்மையிலேயே தெரியவில்லை. நான் இதற்காகத் தயாராக இல்லை. மறுப்பார், கோபப்படுவார், காலில் விழுவார் என்று விதவிதமாக நினைத்துவைத்திருந்தேன். எந்த ஆவுடையப்பன் என்று கேட்பார் என்று நினைக்கவில்லை.

"மேல்மாடி, பன்னெண்டாம் நம்பர். கரண்டாபீஸ்காரவுக. ஒம்போது நாளு நீங்க எனக்குச் சொன்ன வார்த்தையத்தான் நான் உங்க விரலுக்கு அஞ்சு வாரமாச் சொன்னேன். கையுறை இருந்துச்சு, குடுக்கல. ரப்பர் பிடி இருந்துச்சு, குடுக்கல. லேசான தோட்டா இருந்துச்சு, சொல்லல. நீங்க நிறுத்துதேன்னு சொன்னதையும் நிறுத்த விடல."

மெதுவாக உட்கார்ந்தார். வலதுகையை இடதுகையால் மூடிக்கொண்டார். "கரண்டாபீஸ்காரர்" என்றார். "ரெண்டாம் நாளே எனக்குச் சந்தேகம். திரும்பத் தொறந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிரும். தானா அடைச்சுக்கிடும்னு நெனச்சேன்."

இந்த ஒரு வாக்கியத்துக்காக இரண்டு வருஷம் நடையாய் நடந்தேன். கேட்டதும் ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே அடுத்த டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

அவர் முன்னால் சாய்ந்தார். குரல் மாறியிருந்தது. "பாருங்க, நீங்க செஞ்சது வெளிய தெரிஞ்சா உங்க மேலதான் கேஸ். வேணும்னே காயப்படுத்துனது. நான் வாயத் தொறக்கல. நீங்களும் தொறக்காதீங்க. ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு."

நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

பின்மாலை: உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். பேசாமல் இருந்தால் அந்தக் கை எப்படியும் போய்விடும். நான் வேண்டியது முழுசாகக் கிடைக்கும். ஆனால் போகிற வரைக்கும் அவர் நிறுத்தமாட்டார். நேற்றும் இரண்டு பேரை அறுத்துவிட்டுத்தான் இன்று வந்து உட்கார்ந்திருந்தார்.

சரியாகப் போயிற்றாம்.

ஜூலை 12, சனி

புகாரை எழுதிவிட்டேன். நான்கு பக்கம். ஸ்டேஷனில் எழுதுகிற மாதிரி தேதி, நேரம், தோட்டா எண்ணிக்கையோடு. ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு ஒன்று, மருத்துவத் துறைக்கு ஒன்று, காவல் நிலையத்துக்கு ஒன்று. கொடுப்பதற்கு முன் செயலாளர் சேர்மத்துரையிடம் காட்டினேன். கிளப்பின் பெயர் வருகிறது, அவருக்குத் தெரியாமல் கொடுக்கக் கூடாது.

வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அக்கா, ஒரு வரிய மட்டும் எடுத்துருங்க. தெரிஞ்சே சொல்லாம இருந்தேன்னு எழுதியிருக்கீங்கல்லா, அத. மத்ததே அவருக்குப் போதும்."

"அத எடுத்தா, விரலு எப்பம் மரத்துச்சு, அது எனக்கு எப்படித் தெரியுங்கிற கேள்விக்குப் பதில் இல்ல. அவரு ஒண்ணுமில்லம்பாரு. மறுபடி கோப்ப மூடுவாங்க. போன தடவ எங்கிட்ட சாட்சி இல்ல. இந்தத் தடவ நானே சாட்சி."

"உள்ள போட்டுட்டாங்கன்னா?"

"போடட்டும்."

நல்லவளாகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் கையைத் தியேட்டருக்கு வெளியே நிறுத்த வேண்டும். அதற்கு என் கையைக் காட்ட வேண்டியிருக்கிறது, காட்டுகிறேன். மூன்று கவரிலும் நானே கோந்து ஒட்டினேன்.

இழுப்பறைச் சாவியையும் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 26, சனி

என்னைக் கிளப்பில் இருந்து நீக்கியாகிவிட்டது. இரண்டு நாள் காவல் நிலையத்தில் வாக்குமூலம் வாங்கினார்கள். இன்ஸ்பெக்டர் நான் பயிற்சி கொடுத்த பெண். உட்காருங்கம்மா என்றுகூடச் சொல்ல முடியாமல் தவித்தாள். நானாக உட்கார்ந்துகொண்டேன். என் மேல் என்ன பிரிவு போடுவது என்று சட்ட ஆலோசனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

டாக்டரின் விரலுக்கு நரம்புச் சோதனை செய்தார்களாம். கத்தி பிடிக்கக் கூடாது என்று தடை. டீச்சர் விஷயத்தில் விசாரணை. ஆவுடையப்பன் கோப்பைப் பற்றிக் கேட்டேன். பழைய கேஸ், பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை மறுபடி போய்க் கேட்பேன்.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். ஓய்வும் வைத்தியமும் இருந்தால் ஆறேழு மாதத்தில் அந்த விரலுக்கு உணர்ச்சி திரும்பிவிடலாமாம். கேட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டேன். எழுதுவது என் குறிப்பேட்டில்தானே, இதில் எதற்குப் பொய்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மிக்கேல் வீடு தேடி வந்தார். கையில் ஒரு பை சாத்துக்குடி, ஒரு பெட்டி ரொட்டி. டீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டாளாம். மெலிந்துவிட்டாள், ஆனால் வாசல் வரை நடக்கிறாள். "பொழச்ச நாள்ல இருந்து உங்களத்தாம்மா கேக்கா. அந்த ஏட்டம்மாவக் கூட்டிட்டு வாங்க, நான் பாக்கணும்னு ஒரே அடம்" என்றார்.

காபி போட்டுக் கொடுத்தேன். அவர் பாதி குடிக்கும்வரை காத்திருந்தேன். புகாரில் நான் எழுதியது இன்னும் இவர் காதுக்கு எட்டவில்லை என்று புரிந்தது. வேறு யார் வாயாலும் எட்டக் கூடாது.

"தம்பி, அந்த டாக்டர் விரலு தானா மரக்கல. மரக்கும்னு தெரிஞ்சே நான்தான் சுடவிட்டேன். எங்க வீட்டுக்காரவுகளுக்காக. அந்த விரலோடதான் அவரு உங்க வீட்டம்மாவ அறுத்தது."

டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். சாதுவான மனுஷர். தபால் ஆபீசில் ஒருவரையும் அதட்டிப் பேசியிருக்கமாட்டார். ஆனாலும் அந்தக் கண்ணில் ஏறியதை நான் அடையாளம் கண்டுகொண்டேன். அது என்னவென்று எனக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்.

"எனக்கு அவளைத் தவிர யாரும் கெடையாது" என்றார்.

"தெரியும்."

"மதுரைக்கு அனுப்பிவச்சதும் நீங்கதான்."

"ஆமா. ரெண்டும் நான்தான். வழக்குப் போடணும்னா போடுங்க. எதுத்துப் பேசமாட்டேன்."

தெருவில் தண்ணீர் லாரி வந்து போயிற்று. பிறகு சட்டைப்பையில் இருந்து ஒரு தாளும் பேனாவும் எடுத்து நீட்டினார். "நோட்டீசு வந்து சேரணும்லா, பேரும் விலாசமும் முழுசா எழுதித் தாங்க."

எழுதினேன். சண்முகவடிவு, கணவர் ஆவுடையப்பன், தெரு, ஊர், பின்கோடு. வாங்கி எழுத்து எழுத்தாக வாசித்தார். எழுந்து வாசலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"கதவு நம்பர் அழிஞ்சு கெடக்கு. நீலக் கேட்டுன்னும் சேத்துப் போடுங்க."

சேர்த்துப் போட்டுக் கொடுத்தேன்.